கலகமா, கிளர்ச்சியா, புரட்சியா: வேலூருக்கு எந்தச் சொல்?

போன ஆடியில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. 1806-இல் வேலூர்க் கோட்டையில் நடந்ததைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை, பதினெட்டுப் பக்கம். பதிப்பகத்தார் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. தலைப்பில் எந்தச் சொல் வருகிறதோ அதுதான் கடைசிப் பக்கம் வரை வர வேண்டும். பக்கத்துக்கு ஒரு பெயர் வைக்கக் கூடாது. நியாயமான நிபந்தனைதான். ஆனால் மூலத்தை எழுதியவர் அப்படியெல்லாம் கட்டுப்பட்டவர் இல்லை. ஓரிடத்தில் 'மியூட்டினி' என்பார், நாலு வரி தள்ளி 'ரிபெல்லியன்', அடுத்த பக்கத்தில் 'அப்ரைசிங்', போகிற போக்கில் ஒரு 'ரயட்'. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும். ஒரு துண்டுத்தாளில் ஐந்தை எழுதி வைத்துக்கொண்டேன்: கலகம், கிளர்ச்சி, புரட்சி, எழுச்சி, கலவரம்.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்துக்குப் புதுமாதிரித் தலைப்பாகை ஒன்று ஆணையாக வந்தது. அதில் தோலால் செய்த சின்னம் செருகியிருந்தது. கூடவே நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும் என்று வரிசையாகக் கட்டளைகள். 1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளத்தார் தலைப்பாகையைத் தொடமாட்டோம் என்றார்கள். இரண்டு பேருக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி. இன்னும் பத்தொன்பது பேருக்கு ஐந்நூறு என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள். ஜூலை 10 விடியுமுன், கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் படையின் கொட்டடியைச் சுட ஆரம்பித்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார். நூறுக்கு மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் செத்தார்கள். திப்புவின் பிள்ளைகளை அந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். கொடிமரத்தில் மைசூரின் புலிவரிக் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். உச்சிவெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சிப்பாய்களில் கொல்லப்பட்டவர்கள் குறைந்த கணக்குப்படியே 350 பேர். அப்புறம் விசாரணை நடத்தி, ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள்.

அரை நாள் சங்கதி. அதற்கு ஒரு பெயர் வைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

துண்டுத்தாளில் முதலில் அடித்த சொல் கலவரம். ஏன் அடித்தேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் அதைத்தான் பாதுகாப்பான சொல் என்று நினைத்து எடுக்கிறோம். நானும் ஆறு வருடம் ஒரு நாளிதழின் இரவுப் பணியில் அப்படித்தான் எடுத்தேன். கலவரம் என்பதற்கு முன்னாளில் மனக்கலக்கம் என்றுதான் பொருள். 'கலவரமடைந்த முகம்' என்று இன்றும் எழுதுகிறோமே, அது அந்தப் பழைய பொருளின் மிச்சம். தெருவுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கலவரம் வெடித்தது, கலவரம் பரவியது, கலவரம் ஓய்ந்தது. இந்த மூன்று வாக்கியத்திலும் ஆளே கிடையாது. மழை பெய்தது, புழுதி பறந்தது என்பது மாதிரி தானாக வந்து தானாகப் போகிறது. யார் அடித்தார்கள், யார் அடிபட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லாமல் ஒரு செய்தியை முடித்துவிடலாம். இரவு பதினொன்றரை மணிக்கு இதைவிட வசதியான சொல் ஒரு உதவி ஆசிரியருக்கு வேறு ஏது?

கீழ்வெண்மணிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட தகராறு. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதைக் கலவரம் என்றால் குடிசைக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே தராசில் ஏறிவிடுகிறார்கள். படுகொலை என்பதைத் தவிர அங்கே வேறு சொல் ஒட்டாது.

1983 ஜூலையும் அப்படித்தான். கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை அடையாளம் பார்த்து வந்தார்கள். தமிழகப் பத்திரிகைகள் நெடுநாள் அதை 'இனக்கலவரம்' என்றே எழுதின. பட்டியல் பார்த்து வருகிற கலவரம் என்ன கலவரம்? ஈழத் தமிழ் எழுத்தில் 'வன்செயல்' என்ற சொல் உண்டு. அதில் செயல் இருப்பதால் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். 'இனப்படுகொலை' என்று எழுதுகிறவர்களும் ஏராளம். இலங்கை வழக்கில் இன்னொரு விஷயமும் உண்டு: அங்கே தலைக்கவசமும் கேடயமுமாக வந்து நிற்பவர்கள் 'கலகம் அடக்கும் பொலிஸார்'. நாம் கலவரம் என்கிற இடத்தில் அவர்கள் கலகம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பருக்குக் கட்டுரை அனுப்பினால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே கூட்டத்துக்கு ஏழு நாளில் பெயர் மாறியதையும் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரி 17-இல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தவர்களை எல்லாரும் போராட்டக்காரர்கள் என்றோம், சிலர் 'தைப்புரட்சி' வரை போனார்கள். 23-ஆம் தேதி காலை போலீஸ் வந்து கடற்கரையைக் காலி செய்ய ஆரம்பித்ததும், ஐஸ்ஹவுஸ் காவல் நிலையம் எரிந்ததும், சாயங்காலத்துக்குள் சொல் கலவரமாகிவிட்டது. அன்று வந்து ஒட்டிக்கொண்ட இன்னொரு சொல் 'சமூக விரோதிகள்'. அவர்கள் ஊடுருவிவிட்டதாகக் காவல்துறை சொன்னது. சமூக விரோதி என்பவன் வினோதமான ஆள். செய்தியில் எப்போதும் பன்மையில்தான் வருவான், பெயரோ ஊரோ இருக்காது, ஊடுருவுவதைத் தவிர வேறு வினைச்சொல்லும் அவனுக்குக் கிடையாது.

இவற்றுக்கெல்லாம் கீழ்ப்படியில் ஒரு சில்லறைக் கூட்டம் இருக்கிறது: தள்ளுமுள்ளு, கைகலப்பு, சலசலப்பு, அமளி, ரகளை, கலாட்டா, அசம்பாவிதம். அமளி சட்டமன்றத்தில் நடக்கும், ரகளை டாஸ்மாக் வாசலில் நடக்கும், இடம் மாறி எழுதினால் சிரிப்பார்கள். 'லேசான தடியடி' என்பது இந்த வரிசையில் என் தனிப்பட்ட எரிச்சல். லேசானது என்று அடி வாங்கியவர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சட்டத்துக்கு வந்தால், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம், நாலு பேர் என்றால் வேறு கணக்கு. கூட்டம் கூடத் தடை போடும் பிரிவான 144 என்கிற எண்ணே தமிழ்ச் சொல்லாகிவிட்டது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து அது 163-ஆவது பிரிவாக மாறிய பிறகும், ஊரில் '144 போட்டுட்டாங்க' என்றுதான் பேச்சு.

சரி, வேலூருக்கு வருவோம். அடுத்தது புரட்சி.

இன்றைய பாடப்புத்தகங்களில் 'வேலூர் புரட்சி' என்று பார்க்கலாம். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பெருமிதம் வரட்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் புரட்சி என்றால் புரட்டிப் போடுவது. மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. பாரதி ரஷ்யாவை வாழ்த்தும்போது 'யுகப்புரட்சி' என்றது அந்தக் கனத்தோடுதான். வேலூர்ச் சிப்பாய்கள் ஏற்றிய கொடியோ ஏழு வருடம் முன்பு விழுந்துபோன ஓர் அரசின் கொடி. விழுந்ததைத் திரும்ப நிமிர்த்தும் ஆசை அது. நல்ல ஆசையோ கெட்ட ஆசையோ, புரட்டிப் போடும் ஆசை இல்லை.

இன்னொரு சங்கடம், சொல் தேய்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் புரட்சி என்ற அடைமொழி எத்தனை நடிகர்களுக்கு, எத்தனை தலைவர்களுக்கு ஒட்டியிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினால் இரண்டு கையும் போதாது. பசுமைப் புரட்சி, வெண்மைப் புரட்சி எல்லாம் வேறு. ஒரே வேரிலிருந்து வந்த 'புரட்டு' என்ற சொல்லுக்குப் பித்தலாட்டம் என்றும் பொருள் இருப்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன், யாரையும் குறிப்பிட்டு அல்ல.

எல்லாவற்றையும்விட மோசம் 'ராணுவப் புரட்சி'. ஒரு நாட்டின் தளபதி டாங்கியைக் கொண்டுபோய் அதிபர் மாளிகை முன் நிறுத்தினால், நம் பத்திரிகைகளில் அடுத்த நாள் காலை அது புரட்சி. 2021 பிப்ரவரி 1-இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதும் இந்தச் சொல் வந்தது. அதே ராணுவத்தை எதிர்த்து அந்த நாட்டு மக்கள் நடத்தியதற்கு அவர்களே வைத்த பெயர் 'வசந்தப் புரட்சி'. அப்படியானால் நம் செய்தியில் புரட்சியை எதிர்த்துப் புரட்சி நடந்ததாக ஆகிறது. 'ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு' என்று நீட்டி எழுதினால் தலைப்பில் நாலு எழுத்துக் கூடும். கூடட்டும்.

கிளர்ச்சி இந்த ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல், ஓசைக்காகவே. கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல். ஐம்பதுகளில், அறுபதுகளில் வந்த பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் புரட்டினால் கிளர்ச்சி என்பது ஊர்வலம், மறியல், சிறை நிரப்புதல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்றால் யார் கையிலும் துப்பாக்கி இருந்ததாகப் பொருளில்லை. பிறகு அந்த வேலையைப் 'போராட்டம்' எடுத்துக்கொண்டது, வேலையிழந்த கிளர்ச்சி வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் போய் ஆயுதம் ஏந்திவிட்டது. 2024 டிசம்பரில் டமாஸ்கஸைப் பிடித்தவர்களை நாம் கிளர்ச்சியாளர்கள் என்றோம். இன்று உள்ளூரில் ஒரு ஆசிரியர் சங்கம் 'கிளர்ச்சி நடத்துவோம்' என்று அறிக்கை விட்டால், படிப்பவர் ஒரு கணம் திகைப்பார். போதாக்குறைக்குப் பாலியல் மருத்துவப் பத்தி எழுதுகிறவர்களும் இந்தச் சொல்லைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வேலூர்க் கிளர்ச்சி என்று எழுதினால் தப்பில்லை. மொழிபெயர்ப்பாளர் யாராவது அப்படி எழுதியிருந்தால் நான் திருத்தமாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் ஊரூராக நடந்ததற்கு அது இன்னும் பொருந்தும். 1801-இல் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் நடத்தியதற்கு, அல்லது 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் இளைஞர்கள் காவல் நிலையங்களைத் தாக்கித் தொடங்கியதற்கு.

எழுச்சியைக் கிட்டத்தட்ட எடுத்திருப்பேன். 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன, கூட்டம் திரண்டது, நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் அஞ்சல் அலுவலகமும் எரிந்தன, போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். வெள்ளை அரசின் கோப்பில் அது 'ரயட்'. நெடுங்காலம் தமிழிலும் திருநெல்வேலிக் கலகம் என்றே இருந்தது, இப்போது எழுச்சி என்று எழுதுகிறார்கள், அது பொருத்தம். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்து நடக்கவில்லை, ஒரு கைதைக் கேட்டு ஊர் எழுந்தது. எழுச்சி அப்படித்தான்: தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி. திருப்பள்ளியெழுச்சியில் இருக்கிற அதே எழுச்சி. வேலூரிலோ தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மறுபக்கத்தார். சிப்பாய்கள் விழித்துக்கொண்டு வாரக்கணக்கில் பேசிவைத்திருந்தார்கள். அவர்களில் முஸ்தபா பேக் என்பவர் ஜூன் மாதமே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். சொன்னவருக்குப் புத்தி சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மிஞ்சியது கலகம்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலை நடைக்குப் போகும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நின்றுவிட்டார். "தம்பி, கலகம்னு மட்டும் எழுதிடாதீங்க. அது வெள்ளைக்காரன் வச்ச பேரு" என்றார்.

"சார், வெள்ளைக்காரன் வச்சது மியூட்டினி. கலகம்னு வச்சது நாமதானே" என்றேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று வாயில் வந்ததைத்தான் பிறகு நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். மியூட்டினி என்பது படைத்துறைச் சட்டத்தின் சொல். சம்பளம் வாங்கியவன், உறுதிமொழி எடுத்தவன், மேலதிகாரி சொல்லை மீறினால்தான் மியூட்டினி. அதனால்தான் கட்டபொம்மனோடு நடந்ததை ஆங்கிலேயரே 'பாளையக்காரர் போர்' என்று எழுதினார்கள், அவர் கிழக்கிந்தியக் கும்பெனியின் சம்பளக்காரர் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். அந்தச் சொல்லுக்குள் துரோகம் என்ற குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்க் கலகத்துக்குள் அது கிடையாது. வடமொழியில் சண்டை என்று பொருள்படும் சொல்லாக வந்தது, இங்கே வந்து வேறொரு குணம் பிடித்துக்கொண்டது. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்கிறது பழமொழி. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்கிறோம். மியூட்டினி பிறந்தால் நியாயம் பிறக்கும் என்று எந்தப் படைத்தளபதியாவது சொல்வாரா? பெரியாரைக் கலகக்காரர் என்று அவருடைய தொண்டர்களே எழுதுகிறார்கள், எம்.ஆர்.ராதாவையும் அப்படித்தான். அது வசவு இல்லை. ஒருவரைக் கலவரக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், வழக்குப் போட்டுவிடுவார்.

தவிர, கலகத்துக்கு அளவு சரியாக இருக்கிறது. ஒரு கோட்டை, ஒரு விடியல், கையில் ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்தவர்கள், ஒரு தலைப்பாகையில் தொடங்கிய அவமானம். கும்பெனிக்கு அது உறைத்தது: கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிராடக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள், தலைப்பாகை ஆணையும் போயிற்று. நியாயம் முழுதாகப் பிறக்கவில்லை, அரைகுறையாகப் பிறந்தது.

ஆசிரியர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 1857-ஐ 'சிப்பாய்க் கலகம்' என்று பள்ளியில் படித்த தலைமுறைக்கு, அந்தச் சொல் சிறுமைப்படுத்துவதாகத்தான் காதில் விழும், ஏனென்றால் அங்கே அளவு தப்பிவிட்டது. சிப்பாய்களைத் தாண்டி விவசாயிகளும் தாலுக்தார்கள் என்ற நிலக்கிழார்களும் ஒரு வருடத்துக்கு மேல் சண்டையிட்டதைக் கலகம் என்று சுருக்கினால் கோபம் வருவது இயல்பு. அங்கே நானும் பெருங்கிளர்ச்சி என்றே எழுதுவேன். 1857-க்கு வந்த கோபத்தை 1806-க்கும் சேர்த்துப் போர்த்துகிறோம் என்பது என் எண்ணம்.

அராஜகம் பட்டியலிலேயே இல்லை, ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனசு வரவில்லை. அ-ராஜகம், ராஜா இல்லாத நிலை. வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில், தசரதன் இறந்த பிறகு, அரசனில்லாத நாடு எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்லிப் பயப்படுகிற இடத்தில் வருகிற சொல் இதுதான். இன்று நாம் எப்படி எழுதுகிறோம்? போலீஸ் அராஜகம், அதிகாரிகள் அராஜகம், ஆளுங்கட்சி அராஜகம். ராஜா இல்லாததால் வரும் கேடு என்று இருந்த சொல், ராஜாவும் அவர் ஆட்களும் செய்யும் கேடு என்று தலைகீழாகிவிட்டது. யாரும் கூட்டம் போட்டு மாற்றவில்லை, பேசிப் பேசியே மாற்றிவிட்டார்கள். அரசே வேண்டாம் என்கிற தத்துவத்தை எழுத வேண்டி வந்தால் இப்போது அராஜகம் உதவாது, 'அரசின்மைவாதம்' என்றுதான் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, தெரியாமல் மாறிய இன்னொன்று உண்டு. வ.உ.சி.யைத் தண்டித்த 124-ஏ பிரிவுக்கு அந்தக் காலத்தில் ராஜத்துரோகம் என்று பெயர். ராஜாவுக்குச் செய்யும் துரோகம், பொருள் தெளிவு. ராஜா போனதும் பத்திரிகைகள் அதைத் தேசத்துரோகம் ஆக்கிவிட்டன. அரசை வைதவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவனாகிவிட்டான். ஒரே ஒரு சொல்லை மாற்றியதில் குற்றம் எத்தனை மடங்கு பெருத்துவிட்டது பாருங்கள்.

கடைசியில் கலகம் என்றே போட்டு அனுப்பினேன். பதிப்பகத்தில் ஆட்சேபம் வரும், பதில் சொல்லலாம் என்று மேலே எழுதிய வாதம் அத்தனையும் தயாராக வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து மெய்ப்பு வந்தது. கலகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'வேலூர்க் கலகம்' என்று நான் எழுதியிருந்ததில் ஒற்றெழுத்தை எல்லா இடத்திலும் சிவப்பு மையில் சுழித்து, 'க் வேண்டாம், படிக்கத் தடுக்குகிறது' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. இப்போது அதற்காகத்தான் தொலைபேசியில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.